பயத்தண்ணி

"இன்னைக்கே" என்ற சொல் டாக்டர் கார்வேந்தன் வாயிலிருந்து வந்து கமலவேணி கேட்டதே இல்லை.

புங்கவலசு கால்நடை மருந்தகத்துக்கு அவர் மாற்றலாகி வந்து நான்கு வருடம். நான்கு வருடமும் எதைக் கேட்டாலும் ஒரே பதில்தான்: பாக்கலாமுங்க. ஞாயிற்றுக்கிழமை தாராபுரத்துக்குப் படம் பார்க்கப் போகலாமா? பாக்கலாமுங்க. ஸ்கூட்டரின் பின்விளக்கு எரியவில்லையே, மாற்றக் கூடாதா? பாக்கலாமுங்க. அவருக்குத் தன்மேல் ஒரு இது இருக்கிறது என்று வேணிக்கு எப்போதோ தெரியும். அது அவருக்கே தெரியவர இன்னும் எவ்வளவு காலம் ஆகுமோ என்பதுதான் அவள் கவலை.

அப்பேர்ப்பட்ட மனிதர் ஒரு திங்கட்கிழமை காலையில் ஸ்கூட்டரை வரப்பிலேயே சாய்த்துப் போட்டுவிட்டு, குதிரைமசால் தீவன வயலுக்குள் மூச்சிரைக்க ஓடி வந்தார். பின்னாலேயே பண்ணை நாய் டைகர். டாக்டர் எங்கே போனாலும் டைகர் கூடவே போகும்.

"ஏனுங்க வேணி, உங்களையக் கட்டிக்கலாம்னு இருக்கறனுங்க. இன்னைக்கே எங்க ஊட்டுல சொல்லி, இந்த மாசக் கடைசிக்குள்ள..."

"சரிங்க."

"இல்லீங்க, நான் இன்னும் முடிக்கலீங்க."

"முடிக்கவே வேண்டாமுங்க. சரின்னு சொல்லியாச்சு."

டைகர் வாயிலிருந்த எலும்பை வரப்போரம் அவசரமாகப் புதைத்தது. உடனே தோண்டி எடுத்தது. நாலு அடி தள்ளி மறுபடி புதைத்தது. டாக்டர் நின்ற இடத்திலெல்லாம் நிழல் தேடிப் படுத்துக்கொள்ளும் சோம்பேறி நாய் அது. இதற்கு என்ன வந்தது என்று வேணி நினைத்தாள். நினைத்ததை அங்கேயே விட்டாள். கல்யாணப் பெண்ணுக்கு நாயைப் பற்றி என்ன கவலை?

மதியத்துக்குள் முகூர்த்தப் புடவையின் நிறத்தை முடிவு செய்துவிட்டாள்.

பச்சைக்கொடி விதைகள் என்ற நிறுவனத்தின் பண்ணையில் கமலவேணி தலைமை விஞ்ஞானி. அவள் கையிலிருந்த வேலை, கேட்பதற்குச் சின்னது. குதிரைமசாலை விதை பிடிக்க வைக்க வேண்டும்.

மாடு தின்னும் பயிர்களுக்கு ஒரு தலையெழுத்து உண்டு. அவற்றிடம் யாரும் விதை கேட்டதில்லை. இலை கொடு, தண்டு கொடு என்று பூக்கும் முன்பே அறுத்துக்கொண்டு போய்விடுவார்கள். தலைமுறை தலைமுறையாக இலைக்காகவே பொறுக்கி வளர்க்கப்பட்ட செடி, விதை பிடிக்கும் பழக்கத்தையே பாதி மறந்துவிட்டது. விளைவு, தீவனம் போட நிலம் இருக்கும், தண்ணீர் இருக்கும், விதை மட்டும் வடக்கேயிருந்து லாரியில் வர வேண்டும்.

வேணி அதற்கு ஒரு வழி கண்டுபிடித்திருந்தாள். ஒரு பாட்டிலில் அடைத்து வைத்திருந்தாள்.

முதல் தடவை தெளித்த அன்றைக்கு, பண்ணையில் காப்பி போட்டுக் கொடுக்கும் மயிலாத்தாள் மூக்கைச் சுளித்துக்கொண்டு கேட்டாள்: "அதென்னத்த அம்மிணி ஊத்தறீங்க? புல்லு அறுத்த வாசமாட்ட இருக்குது."

"அது வாசமில்லீங்க்கா, கூச்சல். ஒரு செடிய அறுத்தா, 'அருவா வந்துருச்சு'ன்னு பக்கத்துச் செடிக்குச் சொல்ற கூச்சல். நமக்கு அது வாசமா வருது. அதைத்தான் இதுல அடைச்சிருக்கறேன்."

"அதைத் தெளிச்சா?"

"எல்லாச் செடிக்கும் அந்தக் கூச்சல் கொஞ்சம்தான் கேக்கும். நான் வளத்த செடிக்கு நல்லாக் கேக்கும். கேட்டதும், நம்ம கதை முடிஞ்சுதுன்னு நெனச்சுக்கும். இலையெல்லாம் இனி எதுக்குன்னு, இருக்கற சத்தைப் பூரா விதையில கொண்டுபோய்ப் போட்டுரும்."

மயிலாத்தாள் கன்னத்தில் கை வைத்துக்கொண்டாள். "அடப்பாவத்த! மெரட்டிக் காய்க்க வைக்கறீங்க! காய்க்காத முருங்கைக்கு நாங்க பழைய செருப்பைக் கட்டி மானத்த வாங்கறமே, அதாட்ட."

"அதே வித்தைதான். எங்கூட்டு மாமரத்துக்கிட்டக் கத்துக்கிட்டது. காலேஜ்ல அதுக்கு வேற பேரு வச்சிருக்கறாங்க, அவ்வளவுதான்."

அன்றைக்கே ஊர் அந்தப் பாட்டிலுக்குப் பெயர் வைத்துவிட்டது: பயத்தண்ணி.

பயத்தண்ணி வேலை செய்தது. சும்மா செய்யவில்லை, கொட்டியது. முன்பு ஒரு மூட்டை தேறிய இடத்தில் பத்து மூட்டை விதை. முதலாளி சேனாபதி வயலிலேயே தேங்காய் உடைத்தார். விதை அடித்த பின் மிஞ்சிய தழையை வீணாக்க வேண்டாம் என்று ஊர் மாடுகளுக்கு இலவசமாகக் கொடுக்கச் சொன்னாள் வேணி. மாடு கட்டும் கட்டுத்தாரைகளில் தழை நிறைந்தது. எல்லோரும் வேணியை வாழ்த்தினார்கள்.

தழை போய் ஒரு மாதம் ஆகியிருந்தது. டாக்டர் வயலுக்குள் ஓடிவந்த திங்கட்கிழமை அதற்குப் பிறகுதான்.

செவ்வாய்க்கிழமை மயிலாத்தாள் காப்பியோடு வந்தாள். சொந்த மாட்டுப் பால், டிகிரி காப்பி, வேணிக்கு ஒரு நாளைக்கு ஆறு டம்ளர் இறங்கும்.

"அம்மிணி, வெள்ளிக்கெழமை நம்ம நவமணிக்கு நிச்சயம் வச்சிருக்கறனுங்க. அடுத்த வாரம் கண்ணாலம்."

வேணிக்குக் காப்பி புரையேறியது. "நவமணி நர்சிங் ரெண்டாவது வருசம்தானுங்களே படிக்கறா?"

"படிச்சது போதுமுங்க. காலம் கெடக்கற கெடையில நாளைக்கு ஆரு இருப்பாங்க, ஆரு போவாங்க? கண்ண மூடறதுக்குள்ள பேரனைப் பாத்துரோணும்." மயிலாத்தாளுக்கு வயது நாற்பத்து மூன்று. வைரம் பாய்ந்த கட்டை போன்ற உடம்பு.

"உங்களுக்கு என்னங்க்கா இப்ப ஆச்சு?"

"ஒண்ணும் ஆவலீங்க. ஆனா ஆயிருமாட்டவே இருக்குது."

சொல்லிவிட்டு ஓட்டமும் நடையுமாகப் போனாள். அப்போதுதான் வேணி ஊரைக் கவனித்தாள்.

கிணற்றுப் பங்குக்காக இருபது வருடம் கோர்ட்டுக்கு நடந்த அண்ணனும் தம்பியும் ஒரே காலையில் சமாதானமாகி, கட்டிப்பிடித்து அழுது, ஊருக்கே பொங்கல் வைத்தார்கள். தையல்காரர் உதயகுமார், சாவதற்குள் ஒருமுறை காசியைப் பார்த்தாக வேண்டும் என்று மெஷினை விற்றுவிட்டு ரயிலேறிவிட்டார். தெருவுக்கு ரெண்டு பந்தல். ஊர் முழுக்க யாருக்கும் நடக்கப் பொறுமை இல்லை.

அன்று மாலை டாக்டர் போன் செய்தார். "வேணி, ஒரு கூத்துங்க. ஊர்ல இருக்கற மாடு பூராவும் ஒட்டுக்காப் பருவத்துக்கு வந்துருச்சுங்க. சினை ஊசி போட்டுப் போட்டுக் கையே வீங்கிப் போச்சு. கறக்க உக்காந்தா, மடியில இருக்கறது மொத்தத்தையும் ஒரே மூச்சுல கொட்டிட்டு வாசலையே பாத்துட்டு நிக்குது. எதையோ கண்டு பயந்தாட்ட."

மாடு தின்றது வேணியின் தழை; ஊர் குடிப்பது அந்த மாட்டின் பால்.

நேரே மெயின் ரோடு பேக்கரிக்கு வண்டியை விட்டாள். அங்கே பெஞ்சில் எப்போதும் உட்காரும் ஆட்கள் எப்போதும் போலவே உட்கார்ந்திருந்தார்கள். ஒரு பேப்பரை நாலு துண்டாக்கி நாலு பேர் படித்தார்கள். ஒருவர் பன்னை டீயில் முக்கி, அது ஊறட்டும் என்று ஆகாயத்தைப் பார்த்தார். உலகத்தில் எந்த அவசரமும் இல்லை.

"அண்ணா, உங்க கடைக்கு எந்தப் பாலுங்க?"

"பாக்கெட்டுங்கம்மிணி. வெளியூர்ல இருந்து வருது. ஏனுங்க, டீ நல்லாயில்லீங்களா?"

நல்லாத்தான் இருக்கிறது என்றாள். வண்டியைத் திருப்பினாள்.

மறுநாள் மயிலாத்தாளின் மாட்டுப் பாலை ஆய்வகத்தில் போட்டுப் பார்த்தாள். இருந்தது. அவள் பாட்டிலில் அடைத்த பயம் செடிக்குள் போய், தழை வழியாக மாட்டுக்குள் போய், காய்ச்சியும் சாகாமல் டம்ளருக்கு வந்திருந்தது. செடிக்குத் தோன்றியதுதான் ஊருக்கும் தோன்றியிருந்தது: நம்ம கதை முடிஞ்சுது, சாகறதுக்குள்ள காய்ச்சுரு.

வேணி நாற்காலியில் சாய்ந்தாள். அடுத்த நினைப்பு வந்து அறைந்தது.

நாலு வருடம் பாக்கலாம் என்ற மனிதர் திடீரென்று ஏன் ஓடி வந்தார்? மாட்டு டாக்டர். வீட்டுக்கு வீடு போகிறவர். போகிற வீட்டில் எல்லாம் பாலும் மோரும் காப்பியும் கொடுக்காமல் விட மாட்டார்கள். ஊரிலேயே அதிகப் பால் இறங்கியிருப்பது அவர் வயிற்றில்தான். கேட்டது கார்வேந்தன் இல்லை. மாடு.

பாலை நிறுத்தினால் ஊர் தெளியும். ஊர் தெளிந்தால் டாக்டரும் தெளிவார். தெளிந்தால், பழைய குரலில், பழைய நிதானத்தில் சொல்லுவார்: பாக்கலாமுங்க.

மாதக் கடைசி வரை வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். கழுத்தில் தாலி ஏறிவிடும். அதன் பிறகு நிதானமாகப் பாலைச் சரிசெய்யலாம். யாருக்குத் தெரியப் போகிறது? வேணி கெட்டவள் இல்லை. ஆனாலும் அந்தக் கணக்கை மனதுக்குள் ரெண்டு தடவை போட்டுப் பார்த்தாள் என்பதை மறைப்பதற்கில்லை. ரெண்டு தடவையும் விடை இனிப்பாகவே வந்தது.

கதவைத் தட்டிக்கொண்டு நவமணி வந்தாள். கையில் வெற்றிலை பாக்கு.

"அக்கா, வெள்ளிக்கெழமை கண்டிப்பா வந்துருங்க்கா. காலேஜ் கோட்டு புதுசா தைச்சது, சும்மாதான் கெடக்குது. உங்க லேப்ல ஆருக்காச்சும் ஆவுமாக்கா?"

"உனக்கு இந்தக் கல்யாணத்துல இஷ்டமா நவமணி?"

"இஷ்டமான்னு எல்லாம் யோசிக்க நேரமில்லீங்க்கா." சிரித்தாள். கண் மட்டும் கட்டுத்தாரை மாடு போல வாசலைப் பார்த்தது. "மாப்பிள்ளை பேரு கூட நேத்துத்தான் கேட்டேன்."

வெள்ளைக் கோட்டு மேஜைமேல் கிடந்தது. மடிப்புக் கலையாமல். வேணி அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு எழுந்து முதலாளி அறைக்கு நடந்தாள்.

சேனாபதி கையில் ஒரு போன், காதில் ஒரு போன், மேஜையில் பாதி குடித்த காப்பி.

"வேணி! நல்ல நேரத்துல வந்தம்மா. அடுத்த வாரம் அஞ்சு மாவட்டத்துலயும் விதைய எறக்கறோம். ஒரே நாள்ல."

"நிறுத்தோணுமுங்க சார்." எல்லாவற்றையும் சொன்னாள்.

அவர் கேட்டார். கேட்டுவிட்டு மேஜையைத் தட்டினார். "இதுல என்னம்மா தப்பு? இருபது வருசக் கெணத்து வழக்கு தீந்துச்சு. எவனும் திண்ணையில குந்தறதில்ல. ஊரே சுறுசுறுப்பா இருக்குது."

"அது சுறுசுறுப்பு இல்லீங்க சார். பயம்."

"பயமில்லாம எவன் வேலை செய்யறான்? ஒரு நாள்கூடத் தள்ள முடியாதும்மா. எனக்கு நெஞ்சுக்குள்ள ஒரு மணி அடிச்சுட்டே இருக்குது. சீக்கிரம், சீக்கிரம்ங்குது."

வேணி அந்தக் காப்பி டம்ளரைப் பார்த்தாள். வாதம் எதற்கு? வெளியே வந்து மயிலாத்தாளைக் கூப்பிட்டாள்.

"அக்கா, இன்னைக்கிருந்து பண்ணையில எல்லாத்துக்கும் பாக்கெட் பால்தான். ஆருக்கும் சொல்லாதீங்க. உங்கூட்டுலயும் அதுதான்."

"எம்பட மாட்டுப் பாலுக்கு என்னங்க கொறச்சலு?" மயிலாத்தாளுக்கு ரோஷம் வந்துவிட்டது.

"மாட்டுக்குக் கொறச்சல் ஒண்ணுமில்லீங்க்கா. எனக்குத்தான். நிச்சயத்தை மட்டும் ஒரு வாரம் தள்ளுங்க. எனக்காக."

முனகிக்கொண்டே மயிலாத்தாள் தலையாட்டினாள்.

அடுத்து டாக்டர். தழையைக் கட்டுத்தாரையிலிருந்து எடுக்கச் சொல்ல அவரால்தான் முடியும். அவர் சொன்னால் ஊர் கேட்கும். மருந்தக வாசலில் வைத்துச் சொன்னாள். மாடு, தழை, பால், ஊர். தங்கள் கல்யாணத்தைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை பேசவில்லை. நாக்கு வரவில்லை.

கேட்டு முடித்த டாக்டர் வாசல் படியில் உட்கார்ந்தார். டைகர் அவர் காலடியில் குட்டி போட்ட பூனை போலச் சுற்றிச் சுற்றி வந்தது.

"அந்தப் பாலைக் குடிச்சவங்க எல்லாருமேங்களா?"

"எல்லாருமே."

"தப்பிக்கறதுக்கு வழியே இல்லீங்களா?"

"இல்லீங்க. விட்டு ஒரு வாரமாச்சுன்னாத் தெளிஞ்சுரும்."

அவர் முகம் விழுந்தது. வேணியை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "அப்ப நம்ம தேதிய... பாக்கலாமுங்க."

வந்துவிட்டது. பால் நிற்பதற்கு முன்பே வந்துவிட்டது. வேணி கைப்பையின் வாரை இறுகப் பிடித்துக்கொண்டு, "பாக்கலாமுங்க" என்றாள்.

கிளம்பப் போனவளை அவர் நிறுத்தினார். "தழைய நான் எடுக்கச் சொல்லிடறேன். ஆனா ஒண்ணு கேக்கோணும். செடிய மெரட்டுனீங்க, சரி. பயந்து காய்ச்சுருச்சு, சரி. பொறகு?"

"பொறகு என்ன பொறகு?"

"பயம் எறங்கவே இல்லைங்களே. காய்ச்சு முடிச்ச செடி இன்னும் எதுக்குப் பயந்துட்டே நிக்குது? எங்க தோட்டத்துல எலுமிச்சைய மெரட்டறப்பவெல்லாம் ரெண்டு பேரு போவமுங்க."

வேணி அப்படியே நின்றாள்.

ரெண்டு பேர்! அவள் வீட்டு மாமரம். அண்ணன் அரிவாளை ஓங்கிக்கொண்டு போவான்: "இந்த வருசமும் காய்க்கல, வெட்டிப்புடறேன்!" மரத்தைக் கட்டிக்கொண்டு நிற்பது வேணியின் வேலை. "விட்ருண்ணா, விட்ருண்ணா! அடுத்த வருசம் காய்ச்சுரும். நான் ஜாமீன்." அண்ணன் முறைத்துவிட்டு அரிவாளை இறக்குவான். அவள் மரத்தைத் தட்டிக்கொடுத்து ஒரு குடம் தண்ணீர் ஊற்றுவாள். அதோடுதான் அந்த விளையாட்டு முடியும்.

இத்தனை வருடம் படித்து, அண்ணனின் அரிவாளை மட்டும் ஆய்வகத்துக்குக் கொண்டுவந்திருக்கிறாள். தான் செய்த வேலையை வாசலிலேயே விட்டுவிட்டு வந்திருக்கிறாள்.

"டாக்டர்," என்றாள், "நான் ஒரு மடச்சிங்க."

"பாக்கலாமுங்க," என்றார் அவர், பழக்கதோஷத்தில்.

மழை பெய்து ஓய்ந்ததும் செடிகளின் வேர் நுனியில் ஒரு சாறு ஊறும். ஆபத்து இல்லை, வளரலாம் என்று மேலே சொல்லி அனுப்பும் சாறு. வேணி அதைப் பிடித்தாள். காய் பிடித்த மறுநாள் அதைத் தெளித்தாள். செடி ஒரு பெருமூச்சு விட்டது போல இலைகளை விரித்தது. விதை கொஞ்சம் குறைந்தது: பத்து மூட்டை இல்லை, ஆறு. ஆனால் தழையில் பயத்தின் சுவடே இல்லை. ஊர் இதற்கும் பெயர் வைத்தது: சமாதானத்தண்ணி.

பத்தை ஆறாக்கியதற்கு முதலாளி குதிப்பார் என்று பயந்துகொண்டே போனாள். பாக்கெட் பால் காப்பியை ருசித்து உறிஞ்சியபடி சேனாபதி சொன்னார்: "ஆறே நெம்ப ஜாஸ்திம்மா. அஞ்சு மாவட்டம் எங்கே ஓடியா போயிரும்? ரெண்டு போகம் பாத்துட்டு எறக்கலாம். என்ன அவசரம்?"

ஊரும் தெளிந்தது. நிச்சயம் நின்றுபோய், நவமணி கோட்டைத் திரும்ப வாங்கிக்கொண்டு காலேஜுக்குப் போனாள். மாப்பிள்ளை வீட்டாரும் பொண்ணு பேரை இப்போதுதான் விசாரித்தார்களாம். அண்ணன் தம்பி சமாதானம் மட்டும் அப்படியே நின்றது. மறுபடி சண்டையை ஆரம்பிக்க இருவருக்கும் சோம்பலாக இருந்தது. எல்லாமே நேராகிவிடவில்லை. தையல்காரர் உதயகுமார் காசியிலிருந்து திரும்பி வந்து, மெஷின் இல்லாத கடையில் உட்கார்ந்திருந்தார். வேணி போய் மன்னிப்புக் கேட்டாள். "கங்கை நல்லாத்தான் இருந்துச்சுங்க," என்றார் அவர். "மெசினும் நல்லாத்தான் இருந்துச்சு." புது மெஷின் வரும்வரை பச்சைக்கொடி பண்ணையில் அவருக்குச் சாக்குத் தைக்கும் வேலை கிடைத்தது. அவர் அதற்கு நன்றி சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று வேணியும் எதிர்பார்க்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. பண்ணை வீட்டு வாசலில் ஸ்கூட்டர் வந்து நின்றது. பின்விளக்கு புதிதாக மாற்றப்பட்டிருந்தது. டாக்டர் நடந்து வந்தார். டைகர் பின்னாலேயே, அதன் பழைய சோம்பல் நடையில்.

வேணி தயாராக இருந்தாள். சொல்லிவிடட்டும். புடவை இன்னும் எடுக்கவில்லை, நல்லதாகப் போயிற்று.

"வேணி, உங்ககிட்ட ஒரு விசயம் மறைச்சுட்டனுங்க." அவர் டைகரைத் தடவிக்கொண்டே பேசினார். "எனக்குப் பால் ஒத்துக்காதுங்க. சின்ன வயசுல இருந்தே. ஒரு வாய் போனா வயித்தப் பொரட்டிரும். மாட்டு டாக்டருக்குப் பால் ஆகாதுன்னா ஊரு சிரிக்குமில்லீங்களா? அதான், குடுக்கறத வாங்கிட்டு, ஆரும் பாக்காதப்ப இவனுக்கு ஊத்திருவேன்."

வேணி டைகரைப் பார்த்தாள். டைகர் வாலை ஆட்டியது. புதைத்துத் தோண்டிய எலும்பு ஞாபகம் வந்தது.

"அப்ப... நீங்க அன்னைக்கு வயல்ல வந்து கேட்டது?"

"தெளிவாத்தானுங்க கேட்டேன்."

"நாலு வருசம் இல்லாத அவசரம் எப்படிங்க வந்துச்சு?"

"ஊரே கல்யாணம் கல்யாணம்னு ஓடுச்சுங்க. ஆராவது முந்திக்கிட்டு உங்களக் கேட்டுருவாங்களோன்னு ஒதறல் எடுத்துருச்சு. பயப்படறதுக்கு எல்லாத்துக்குமே பால் வேணுங்களா?"

வேணி சிரிக்க வாயெடுத்தாள். அவர் சிரிக்கவில்லை.

"பொறகு நீங்க வந்து பால் விசயத்தைச் சொன்னீங்க. குடிச்ச எல்லாருமேன்னீங்க. எனக்கு அப்பத்தான் ஒறைச்சுது. நீங்க ஒரு நாளைக்கு ஆறு காப்பி, வேணி. நான் பேசி முடிக்கறதுக்குள்ள சரின்னுட்டீங்க."

ஊரில் எல்லோர் டம்ளரையும் சந்தேகப்பட்டவள், தன் டம்ளரை மட்டும் ஒரு கணம்கூட யோசிக்கவில்லை. மதியத்துக்குள் தேர்ந்தெடுத்த புடவை நிறம்கூட இப்போது ஞாபகம் வரவில்லை.

"அதான் தேதியத் தள்ளுனேன்," என்றார் டாக்டர். "இப்ப உங்களுக்கும் தெளிஞ்சிருக்கும். மறுபடியும் கேக்கறேன். கட்டிக்கலாங்களா? அவசரமில்லீங்க."

வேணி தனக்குள் காது கொடுத்துக் கேட்டுப் பார்த்தாள். நெஞ்சில் மணி எதுவும் அடிக்கவில்லை. சீக்கிரம் என்று யாரும் துரத்தவில்லை. எதிரே ஒரு மனிதர், ஒரு நாய், நிறைய நேரம்.

"பாக்கலாமுங்க," என்றாள்.

டாக்டர் முகம் சுண்டியது. டைகர்கூட வாலை நிறுத்தியது.

"உக்காருங்க. வரக்காப்பி போட்டுட்டு வரேன். பால் இல்லாம. நீங்க முழுசாக் குடிக்கற மொதல் காப்பி. அது ஆறுற வரைக்கும் யோசிச்சுச் சொல்றேன்."

உள்ளே போனாள். பாத்திரச் சத்தம் கேட்டது. டாக்டர் பெஞ்சில் உட்கார்ந்து, ஒரு டம்ளர் காப்பி ஆற எவ்வளவு நேரமாகும் என்று யோசித்துக்கொண்டிருந்தார்.

வேணி வெளியே வந்து டம்ளரை நீட்டினாள். வாங்கியவர் சூட்டுக்குப் பயந்து வேட்டி நுனியால் பிடித்தார். பிறகு நுனியை விட்டுவிட்டு வெறும் கையால் பிடித்துப் பார்த்தார். நிமிர்ந்தார்.

உள்ளேயே நின்று, டவராவில் நன்றாக ஆற்றிக் கொண்டுவந்திருந்தாள்.